கடாரம் கொண்டவன் வெட்டிய ஏரி

இராஜேந்திர சோழனைப் பற்றிக் கேள்வி வந்தால் நம் மாணவர்கள் என்ன எழுதுகிறார்கள்? 1025இல் கடாரத்தின் மீது படையெடுத்தான், கடாரம் கொண்டான் என்று பெயர் பெற்றான். அவ்வளவுதான். கெடாவில் படிக்கும் பிள்ளைகளுக்கு இது சொந்த ஊர்ச் சங்கதி. பூஜாங் பள்ளத்தாக்குக்குப் போய்வந்தவர்கள் கூடுதலாக இரண்டு வரி எழுதுவார்கள்.

அதே மன்னன் தன் புதிய தலைநகரான கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய ஏரியையும் வெட்டினான். பெயர் சோழகங்கம். திருவாலங்காட்டுச் செப்பேடு அதை நீராலேயே ஆன வெற்றித் தூண் என்று வருணிக்கிறது. கல்லில் தூண் நட்ட அரசர்கள் நிறையப் பேர். தண்ணீரில் நட்டவன் இவன். இன்று அந்த ஏரிக்குப் பொன்னேரி என்று பெயர். கரை மைல் கணக்கில் நீண்டு கிடந்ததையும், ஏரி பாழடைந்து உள்ளே காடு மண்டியிருந்ததையும் 19ஆம் நூற்றாண்டுக் குறிப்புகள் சொல்கின்றன. மண்ணைக் குவித்துக் கட்டிய கரை நூற்றாண்டுக் கணக்கில் எப்படி நின்றது, பிறகு ஏன் போனது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் நம் தோட்டப்புறக் குளங்கள்வரை வந்து சேரலாம். வாருங்கள்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். மண்கரை என்றால் தண்ணீரே புகாத சுவர் என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. எந்த மண்கரையிலும் நீர் கொஞ்சம் கசியும். வெளிப்பக்க அடிவாரத்தில் கசிகிற நீர் தெளிவாக, எப்போதும் ஒரே அளவாக இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. கசிவு திடீரென்று கூடினாலோ, நீர் கலங்கலாக வந்தாலோ விஷயம் வேறு. கரைக்குள்ளிருந்து மண்ணும் சேர்ந்து வெளியேறுகிறது என்று அர்த்தம். நண்டு வளை, எலி வளை, பட்டுப்போன மரத்தின் மக்கிய வேர், இவையெல்லாம் அந்தக் கசிவுக்கு வழி வெட்டிக் கொடுக்கும். பிறகு அந்த வழி தானாகவே பெரிதாகும். இதுதான் உள்ளரிப்பு. மண்கரைக்கு இன்னொரு எமன், மேலே வழிகிற நீர். கான்கிரீட் அணைமீது நீர் வழிந்தால் பெரும்பாலும் தாங்கும். மண்கரைமீது வழிந்தால் சில மணி நேரத்தில் கரையே கரைந்துவிடும். அதனால்தான் மிகைநீர் போக ஓரத்தில் தனியாகக் கலிங்கு கட்டினார்கள். பாசனத்துக்கு நீர் திறப்பது மதகு, உயிரைக் காப்பது கலிங்கு. இந்த இரண்டையும் மாற்றி எழுதும் மாணவர்கள் இருக்கிறார்கள், கவனம்.

சரி, இதையெல்லாம் யார் பார்த்துக்கொண்டார்கள்? உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை நாம் குடவோலைத் தேர்தலுக்காக மட்டும் படிக்கிறோம். முதலாம் பராந்தகன் காலத்தவை, 919, 921ஆம் ஆண்டுகள். அந்தத் தேர்தலில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் ஆறு பேர் ஏரி வாரியத்துக்குப் போனார்கள். பதவி 360 நாள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது. அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்க முடியாது! ஏரியைப் பராமரிக்க நிலம் ஒதுக்கியதையும், தூர் வாருவதற்குப் பொருள் வைத்ததையும் சோழர் காலக் கல்வெட்டுகள் பல சொல்கின்றன. என்னைக் கேட்டால் குடவோலையைவிட இதுதான் பெரிய செய்தி. ஏரியைக் கட்ட அரசன் போதும். அதைக் காக்க ஒவ்வொரு ஆண்டும் பெயர் சொல்லிக் கணக்குக் கேட்கக்கூடிய ஆள் வேண்டும்.

ஆங்கிலேயர் ஆட்சியில் இந்த ஏற்பாடு தளர்ந்தது. ஏரி அரசாங்கத்தின் சொத்து, வேலை மட்டும் ஊராருடையது என்றானது. குடிமராமத்து என்ற பழைய வழக்கத்தை 1858இல் சென்னை மாகாணம் சட்டம் போட்டுக் கட்டாயமாக்கப் பார்த்தது. ஊர் தானாகச் செய்துவந்த வேலைக்குச் சட்டம் தேவைப்பட்டதே, அதிலிருந்தே நிலைமை புரிகிறது. பிறகு 1876 முதல் 1878 வரை பெரும் பஞ்சம். தொடர்ந்து வந்த பத்தாண்டுகளில் தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து மலாயாவுக்கு ஆயிரக்கணக்கில் கப்பலேறினார்கள். வட ஆர்க்காடு, செங்கல்பட்டு போன்ற ஏரிப்பாசன மாவட்டத்துக்காரர்களும் அதில் உண்டு. கெடாவுக்கு வந்து பால்மரம் சீவியவர்களில், ஊரில் கரைக்கு மண் சுமந்த கைகளும் இருந்திருக்கும்.

சோழர் ஆட்சி எட்டிய இன்னோர் ஏரியையும் பார்த்துவிடுவோம். இலங்கையில் திருகோணமலைப் பக்கம் கந்தளாய்க் குளம். சிங்கள மரபு இதை 7ஆம் நூற்றாண்டு மன்னன் இரண்டாம் அக்கபோதிக்கு உரியதாகச் சொல்கிறது. தமிழ் மரபில் குளக்கோட்டன் கட்டியது. இரண்டு மரபும் சொந்தம் கொண்டாடும் குளம் என்றால் அதன் அருமையைப் புரிந்துகொள்ளுங்கள். சோழர் காலத்தில் அங்கே பிராமணக் குடியிருப்பு இருந்ததற்கும் கல்வெட்டுச் சான்று உண்டு. கரையின் நீளம் 4 கிலோமீட்டருக்கு மேல், உயரம் ஏறத்தாழ 15 மீட்டர்.

1986 ஏப்ரல் 20, விடியற்காலை 3 மணி அளவில் அந்தக் கரை உடைந்தது. கீழே இருந்த கிராமங்கள் தூக்கத்தில் இருந்தன. 120 பேருக்கு மேல் மாண்டார்கள். 1,600 வீடுகளுக்கு மேல் அழிந்தன. 2,000 ஏக்கர் நெல் வயல் நாசமானது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுப் பழமையுள்ள கரை ஒரே இரவில் போய்விட்டதே என்று வியக்கத் தோன்றும். ஒரே இரவில் போகவில்லை. கரைக்குள் நடக்கும் அரிப்பு வெளியே தெரிய நாளாகும். தெரிந்த பிறகு ஓடுவதற்குத்தான் நேரமிருக்காது. பழசு என்பதே பாதுகாப்புக்குச் சாட்சி ஆகிவிடாது. ஆசிரியர்களே, 'தொடர்ச்சியும் மாற்றமும்' பற்றிப் பாடம் நடத்தும்போது இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இது நம் பக்கத்துக் கதை மட்டுமா என்றால், இல்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் சவுத் ஃபோர்க் மண் அணையைப் பணக்காரர்களின் மீன்பிடிக் கழகம் ஒன்று வாங்கியது. அடியில் நீரை வெளியேற்றும் குழாய்களை முந்திய உரிமையாளரே கழற்றி விற்றிருந்தார். வண்டி போக வசதியாகக் கரையின் உச்சியைத் தாழ்த்தினார்கள். மீன் தப்பிவிடாமல் இருக்கக் கலிங்கில் வலை போட்டார்கள். 1889 மே 31, பெருமழை. நீர் கரைக்கு மேலே வழிந்து அணை உடைந்தது. ஜான்ஸ்டவுன் நகரிலும் வழியிலும் 2,209 பேர் இறந்தார்கள். ஏரி கைமாறியது, அதன் பொறுப்பு கைமாறவில்லை.

இப்போது கெடாவுக்கு வருவோம். நீர் வரலாறு என்றாலே இங்கே முதலில் வருவது வான் மாட் சமான் கால்வாய். 1885இல் தொடங்கியது, அலோர் ஸ்டாரிலிருந்து குரூண்வரை. அது வாய்க்கால், அணை இல்லை. அணைகள் மூடா திட்டத்தோடு வந்தன. 1966இல் வேலை தொடங்கியது, 1970இல் மாடா வாரியம் அமைந்தது. மூடா அணை கான்கிரீட், பெடு அணை பாறைக்கல் நிரப்பியது, 1980களில் சேர்ந்த ஆனிங் மண் அணை. மூன்றும் ஒரே வகை என்று எழுதிவிடாதீர்கள். இந்தப் பெரிய அணைகளுக்குப் பொறியாளர் உண்டு, அளவுமானி உண்டு, பதிவேடு உண்டு.

கவலை வேறு இடத்தில் இருக்கிறது. தோட்டங்களில் நாற்றங்காலுக்கும் ரப்பர் தொழிற்சாலைக்கும் என்று ஓடையை மறித்துக் கட்டிய சிறு குளங்களை நினைத்துப் பாருங்கள். தோட்டம் கைமாறும், பால்மரம் போய்ச் செம்பனை வரும், லயம் காலியாகும். கரையைத் தெரிந்த கிழவர் சுங்கை பட்டாணியில் மகன் வீட்டுக்குப் போய்விடுவார். குளம் மட்டும் அங்கேயே கிடக்கும், கீழே ஆள் குடியிருக்க.

தண்ணீர் மேலேயிருந்து வந்தால் என்ன ஆகும் என்பதைக் கெடா அண்மையிலும் பார்த்தது. 2021 ஆகஸ்ட் 18இல் குனோங் ஜெராய் மலையிலிருந்து பாய்ந்த வெள்ளத்தில் ஆறு பேர் இறந்தார்கள். 2022 ஜூலை 4இல் பாலிங் மாவட்டம் கூப்பாங்கில் மூன்று பேர். அங்கே உடைந்தது யாரும் கட்டிய குளக்கரை அல்ல. மலைச்சரிவும் மழையும் செய்த வேலை. ஆனாலும் சேறும் மரமும் தண்ணீரோடு வரும்போது கீழே இருப்பவருக்குக் கிடைக்கும் நேரம் எவ்வளவு குறைவு என்பதை அந்த இரண்டு நாளும் காட்டின.

வாய்மொழி வரலாற்றுப் பணிக்குத் தலைப்புத் தேடும் மாணவர்களே, உங்கள் வட்டாரத்தில் பழைய தோட்டக் குளம் இருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். கரைமேல் ஏறாமல், பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு தள்ளி நின்றே பாருங்கள். ஓய்வுபெற்ற தொழிலாளரிடம் கேட்க வேண்டியவை இவை: குளம் எதற்குக் கட்டினார்கள்? கரையில் புல் வெட்டியது யார்? எந்த ஆண்டு வரை வெட்டினார்கள்? மழைக்காலத்தில் பலகையைத் தூக்கித் தண்ணீர் திறந்துவிட யாருக்கு உத்தரவு இருந்தது, கங்காணிக்கா, கிராணிக்கா? மிகைநீர் போகும் வழி இப்போது திறந்திருக்கிறதா, புதர் மூடியிருக்கிறதா? குளம் இன்று யார் பெயரில் இருக்கிறது என்பதை நில அலுவலகத்தில் விசாரியுங்கள். கரை அடியில் கலங்கிய நீரைப் பார்த்தால் கட்டுரைக்குக் குறிப்பெடுப்பது அப்புறம். அன்றைக்கே மாவட்ட வடிகால் நீர்ப்பாசன இலாகாவுக்குத் தகவல் சொல்லிவிடுங்கள்.