வைரஸ்: குத்தம் யார் மேல?

"பென் டிரைவை எங்க கொண்டு போய் சொருகினே?" 2000களில் மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் பிரவுசிங் சென்டருக்குப் போய் வந்த பலரும் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பாங்க. வைரஸ் வந்தா குற்றவாளி பயனர்தான், கேஸ் அங்கேயே குளோஸ். அந்தத் தீர்ப்பைக் கொஞ்சம் அப்பீலுக்குக் கொண்டு போகலாம்னுதான் இந்தப் பதிவு.

நந்தனத்தில் இருந்த எல்காட், உமாசங்கர் ஐ.ஏ.எஸ். நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில், 2006-07 வாக்கில் தன் கணினிகளை விண்டோசிலிருந்து சூசே லினக்சுக்கு மாற்றியது. லைசென்ஸ் செலவு ஒரு காரணம், வைரஸ் தொல்லை இன்னொன்று. 2007ல் சி-டாக் சென்னை மையத்திலிருந்து பாஸ் லினக்சும் வந்தது. 2011ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸ், பாஸ் இரண்டும் ஒரே பொட்டிக்குள்!

விண்டோஸ் கட்சியின் வாதம் இது: கூட்டம் எங்கேயோ பிக்பாக்கெட்டும் அங்கேதான். ரங்கநாதன் தெருவை விட்டுட்டு ஆளில்லாத சந்துக்கா போவான்? இது பாதி உண்மை. மீதிப் பாதி வேற. எக்ஸ்பி காலத்தில் வீட்டுக் கணினியில் எல்லாரும் அட்மின். பென் டிரைவ் ஐகானை டபுள் கிளிக் செய்தால், ஆட்டோரன் ஃபைல் கைகாட்டிய ப்ரோகிராம் கிளம்பிவிடும். கதவைத் திறந்தே கட்டிவிட்டு, குடியிருப்பவரைப் பார்த்து 'ஏன்யா பூட்டல?'ன்னா என்ன நியாயம்?

சரி, பயனர் அப்பாவியா? கான்ஃபிக்கர் புழு கிளம்பியது 2008 நவம்பரில். அதற்கான பேட்ச் அக்டோபர் 23ஆம் தேதியே வந்தாச்சு. 2017 மே மாத வான்னக்ரைக்கும் மார்ச்சிலேயே பேட்ச் இருந்தது. பலர் போடல. திருட்டு விண்டோஸ் வெச்சிருந்தவங்களுக்கு அப்டேட்னாலே பயம், குட்டு வெளிப்பட்டுடுமே! ஆனால் வான்னக்ரை பயன்படுத்திய ஓட்டையை முன்பே கண்டுபிடித்து, சொல்லாமல் ஆயுதமாக வைத்திருந்தது அமெரிக்க உளவு நிறுவனமான என்.எஸ்.ஏ. அவங்களை யார் திட்டினா?

பெங்குவின் கட்சிக்காரங்களும் ரொம்ப ஆடவேண்டாம் :-) 2024ல் லினக்ஸ் உலகின் எக்ஸ்-இசட் மென்பொருளுக்குள்ளேயே ஒருவர் பின்கதவு வைத்துவிட்டார். லாகின் அரை நொடி தாமதமாவதை ஒரு பொறியாளர் கவனித்ததால் பிழைத்தோம்.

என் கணக்கு சிம்பிள். வைரஸ் எழுதியவன் குற்றவாளி, அதில் விவாதமே இல்லை. 2000ஆம் ஆண்டு ஐ.டி. சட்டத்தின் 43ஆம் பிரிவும், அனுமதியில்லாமல் அடுத்தவர் கணினியில் வைரஸைப் புகுத்துபவர் நஷ்டஈடு தரணும்னு சொல்கிறது. அடுத்த பொறுப்பு, ஒரே மாற்றத்தில் கோடிப் பேரைக் காப்பாற்றக்கூடியவருக்கு. 2011 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் பென் டிரைவ் ஆட்டோரனை அப்டேட் மூலம் முடக்கியது. அந்த வழியாகப் பரவும் தொற்று நன்றாகக் குறைந்ததாக அவர்களே அறிவித்தார்கள். அதே பயனர், அதே அலட்சியம், அதே பென் டிரைவ். மாறினது இயங்குதளம் மட்டும்தான்!

இப்போ பென் டிரைவ் போய் வாட்ஸப் லிங்க் வந்தாச்சு. "அதை ஏம்ப்பா தொட்டீங்க?"ன்னு வீட்டுப் பெரியவங்களைத் திட்டறதுக்கு முன்னாடி, ஒரு தொடுதலில் பணம் போகிற மாதிரி அதைக் கட்டினது யாருன்னும் கேட்போமே.