கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள்

மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் சுமார் 300 கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் இயங்குகின்றன. மேகமலை அடிவாரமான கம்பம் பள்ளத்தாக்கிலும் இவை உள்ளன.

ஆங்கிலேயர் காலத்தில் குற்றப் பரம்பரைச் சட்டம் பிரமலைக் கள்ளர் மீது பாய்ந்தது. கைரேகைப் பதிவு கட்டாயமானது. வெளியூர் செல்ல ராதாரிச் சீட்டு வேண்டியிருந்தது. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் இதனை எதிர்த்தோர் மீது காவல்துறை சுட்டதில் பலர் இறந்தனர்.

1920களில் வளர்ந்த சீரமைப்புத் திட்டம் ஊர்தோறும் பள்ளிகளையும், தொலைவிலிருந்து வரும் பிள்ளைகள் தங்கிப் படிக்க விடுதிகளையும் அமைத்தது. 1947இல் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீக்கப்பட்டது, பள்ளிகள் நிலைத்தன. இன்று எல்லாச் சமூகப் பிள்ளைகளும் இங்குப் பயில்கின்றனர்.

இவற்றைப் பள்ளிக்கல்வித் துறையுடன் இணைக்க 2024இல் நீதியரசர் சந்துரு குழு பரிந்துரைத்தது. போராடிப் பெற்ற அடையாளம் மறையும் என எதிர்ப்பு எழுந்தது. எத்துறையின்கீழ் இருப்பினும் போதிய ஆசிரியரும் உறுதியான கட்டடமும் கிடைப்பதே பிள்ளைகளின் தேவை.