தலைச்சாய நச்சு: மறைக்காமல் சொல்ல வேண்டியவை

தலைச்சாயம் பெட்டிக்கடையிலும் சில ரூபாய்க்குக் கிடைப்பதால், அதனை நஞ்சாக எவரும் எண்ணுவதில்லை. ஆனால், கருநிறம் தரும் சாயங்கள் பலவற்றில் உள்ள பாராபினைலின்டைஅமின் என்னும் வேதிப்பொருள் வாய்வழியே உடலுக்குள் சென்றால் உயிருக்கே ஆபத்தாகும். சூடான், மொராக்கோ, பாகிஸ்தான், இந்தியா ஆகிய நாடுகளின் மருத்துவமனைகள் இந்நச்சைப் பல ஆண்டுகளாகக் கண்டு வருகின்றன. சூடானில் மருதாணி விரைவில் கருமையாகப் பற்றுவதற்காக இப்பொருளைக் கலப்பதுண்டு.

உட்கொண்ட சில மணி நேரத்திற்குள் முகம், நாக்கு, தொண்டை, கழுத்து ஆகியவை வீங்கும். குரல் கம்மும்; எச்சிலை விழுங்க இயலாது. மூச்சுப்பாதை அடைபடுவதே முதல் ஆபத்து. அந்நிலையில் கழுத்தில் துளையிட்டுச் சுவாசக் குழாய் பொருத்த நேரிடலாம். எனவே தாமதமின்றி 108 எண்ணை அழையுங்கள். உப்புக்கரைசல், சோப்புநீர், புளிக்கரைசல் எதனையும் புகட்டாதீர்கள். வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். சாயத்தின் உறையையோ புட்டியையோ மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

உறவினர் சிலர் காவல்துறைக்கு அஞ்சி, "சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை" என்று மட்டும் கூறுவர். இவ்வீக்கம் ஒவ்வாமை வீக்கத்தைப் போலவே தோன்றுவதால், உண்மையை மறைத்தால் சிகிச்சை திசைமாறும். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் கூறுகிறது. தயங்காமல் சொல்லுங்கள்.

வீக்கம் வடிந்ததும் நோயாளியை வீட்டிற்கு அழைத்துச் செல்ல விரும்புவோர் பலர். அடுத்த ஆபத்து அப்போதுதான் வெளிப்படலாம். தசைகள் சிதைந்து, அவற்றிலுள்ள மயோகுளோபின் என்னும் புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகங்களைப் பாதிக்கிறது. உடல்வலி, கடுங்காப்பி நிறச் சிறுநீர், சிறுநீர் குறைதல் ஆகியவை இதன் அறிகுறிகள். இதயத் தசையும் பாதிக்கப்படலாம். இந்நச்சுக்குத் தனி முறிமருந்து கிடையாது. சிரைவழித் திரவங்களும், தேவைப்படின் டயாலிசிஸும் உயிர்காக்கின்றன. தக்க நேரத்தில் சிகிச்சை பெற்றுப் பிழைப்போரில் பெரும்பாலோருக்குச் சிறுநீரகங்கள் மீண்டும் இயங்கத் தொடங்கும். ஆதலால் மருத்துவர் அனுமதிக்கும் வரை மருத்துவமனையிலேயே இருங்கள்.

சாயத்தைக் குளிர்பானப் புட்டிகளில் ஊற்றி வைக்காதீர்கள். குழந்தைகள் பானமெனக் கருதிக் குடித்துவிடுவர். வீட்டில் எவரேனும் மனம் உடைந்திருந்தால் அவரைத் தனியே விடாமல், இச்சாயத்தையும் எட்டாத இடத்திற்கு மாற்றுங்கள். டெலி-மானஸ் 14416, தமிழ்நாடு அரசின் 104 ஆகிய எண்களில் கட்டணமின்றி மனநல ஆலோசனை பெறலாம்.