தூத்துக்குடி மக்ரூனும் முட்டையின் வெண்கருவும்

தூத்துக்குடியினின்று மைசூருக்கு வரும் விரைவு வண்டி, நம் காலனியாருக்குச் சுற்றத்தாரை மட்டுமன்றி மக்ரூன் பொட்டலங்களையும் கொணர்கின்றது. கூம்பு வடிவும் வெண்ணிறமும் உடைய இப்பண்டத்தைத் தேங்காயாற் செய்ததென மயங்குவோர் உளர். அஃது அவ்வாறன்று, முட்டையின் வெண்கரு, சர்க்கரை, முந்திரிப்பருப்பு ஆகிய மூன்றே அதன் பொருள்கள். முட்டை உண்ணாத வீட்டாருக்குக் கொடுக்குமுன் இதனைச் சொல்லிவிடுதல் நம் கடமை.

ஐரோப்பாவில் மக்ரூன் வாதுமைப் பருப்பாற் செய்யப்பட்டது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் முத்துக்குளித்துறையில் காலூன்றினர். 1658இல் ஒல்லாந்தர் தூத்துக்குடியைக் கைப்பற்றினர். பின்னர் ஆங்கிலேயர் வந்தனர். மக்ரூனைக் கற்பித்தவர் போர்த்துக்கீசியரே என்பது ஊர் வழக்கு. நாம் அதனை எளிதில் ஏற்பதற்கில்லை. போர்த்துக்கல்லின் கன்னியர் மடங்களில் வெண்கருவைத் துணிக்குக் கஞ்சியாக இட்டு, எஞ்சிய மஞ்சட்கருவால் இனிப்புகள் செய்தனர் என்பர்; அந்நாட்டின் பெயர்பெற்ற இனிப்புகள் பல மஞ்சட்கருவால் ஆனவையே. மக்ரூனோ இத்தாலி, பிரான்சு, இங்கிலாந்து ஆகிய நாடுகளிலும் வழங்கியது. ஆங்கிலேயர் வழியாகவும் வந்திருக்கலாம் அன்றோ?

ஐயமற்றது ஒன்று உண்டு. முந்திரி மரத்தைப் பிரேசிலிலிருந்து கொணர்ந்தவர் போர்த்துக்கீசியர். மலையாள நாட்டார் அதனைப் பறங்கிமாவு என்றே அழைத்தனர். ஆயினும் வாதுமை இருந்த இடத்தில் முந்திரியை இட்டு அப்பண்டத்தைத் தமக்குரியதாக்கிக் கொண்டவர்கள் தூத்துக்குடி ரொட்டிக்கடைத் தொழிலாளர்கள். பறங்கியரை நினைக்கும் நாம் அவர்களை நினைப்பதில்லை.

அவர்தம் கைத்திறன் சிறிதன்று. வெண்கருவில் பத்தில் ஒன்பது பங்கு நீர். எஞ்சியது பெரும்பாலும் புரதம். அடிக்குந்தோறும் அப்புரதம் விரிந்து காற்றுக்குமிழிகளைச் சூழ்ந்து பிடித்துக்கொள்ள, நுரை பன்மடங்கு பொங்குகின்றது. மஞ்சட்கருவோ எண்ணெய்ப்பசையோ சிறிது கலந்தாலும் நுரை சரியாக எழாது. நெய்யால் நிற்பது நம்மூர் மைசூர்பாகு. நெய் பட்டாற் கெடுவது மக்ரூன்! கொழுப்புள்ள முந்திரித்தூளை நுரை இறுகிய பின்னரே மெல்லக் கலப்பதும் இதனாலேதான். பின்பு கூம்பு கூம்பாகத் தட்டில் இட்டு, விறகடுப்பின் தணிந்த வெம்மையில் இரவு முழுதும் உலரவிடுவது பழைய முறை. சூடு மிகுந்தாற் பழுப்பேறும். குறைந்தால் உள்ளே ஈரம் தங்கும்.

மைசூரின் மழைமாதங்களில் அது காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும். ஆதலின் பொட்டலம் வீடு வந்தவுடன் இறுக மூடும் தகர டப்பாவில் இட்டு வைத்தல் வேண்டும்.