சான்றிதழுக்கு அப்பால்: வெப்பநிலை டிரான்ஸ்மிட்டரைப் பொருத்துவது பற்றி அலிப்பூர் சொல்லும் பாடம்

கொல்கத்தாவின் அலிப்பூரில் இரு அரசு நிறுவனங்கள் இயங்குகின்றன. ஒன்று, 1912-இல் ரயில்வே வாரியத்தின் கீழ் தோன்றிய தேசியச் சோதனைக் கூடம். மற்றொன்று, 1875-இல் கல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய இந்திய வானிலைத் துறையின் மண்டல மையம். கருவி சரியா என்பது சோதனைக் கூடத்தின் கேள்வி. வானிலையாளர் அதோடு நிற்பதில்லை. வெப்பமானி ஸ்டீவன்சன் பெட்டிக்குள் இருக்கிறதா, தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டர் உயரத்துக்குள் இருக்கிறதா என்றும் கேட்பார். தொழிற்சாலைகளில் முதல் கேள்விக்குச் சான்றிதழ் கிடைக்கிறது. இரண்டாவது பெரும்பாலும் எழுப்பப்படுவதே இல்லை. ஆனால் பிழை மிகுதியாக நுழைவது அந்த இரண்டாவது வழியில்தான்.

கணக்கிட்டுப் பார்க்கலாம். பிளாட்டினம் சென்சாரான பி.டி.100-இன் மின்தடை 0 டிகிரி செல்சியஸில் 100 ஓம், 100 டிகிரியில் 138.51 ஓம். ‘ஏ’ வகுப்புச் சென்சாருக்கு 100 டிகிரியில் அனுமதிக்கப்படும் பிழை 0.35 டிகிரி. அந்தச் சென்சாரையே 0.5 சதுர மி.மீ. செம்புக் கம்பியில், இரு கம்பி முறையில், 50 மீட்டர் இழுத்தால், போகவர 100 மீட்டர் கம்பி ஏறத்தாழ 3.5 ஓம் தடையைக் கூட்டிவிடும். காட்டும் வெப்பநிலை 9 டிகிரி உயர்ந்துவிடும்.

இந்தப் பிழையை, சென்சாரின் தடையைச் சிக்னலாக மாற்றும் டிரான்ஸ்மிட்டரில் ஒரு நிலையான எண்ணாகக் கழித்துவிடலாமே என்பார்கள். ஆனால் செம்பின் தடையும் வெப்பத்தோடு மாறுவது. ஜனவரி இரவுக்கும் மே மாதப் பகலுக்கும் கேபிளின் வெப்பநிலை 20 டிகிரி வேறுபட்டாலே முக்கால் டிகிரி பிழை திரும்ப வந்துவிடும். மூன்று கம்பி முறை இதைச் சரிக்கட்டும், ஆனால் மூன்றின் தடையும் சமமாக இருக்கும்வரைதான். ஒரு டெர்மினலில் துருவால் 0.4 ஓம் கூடினால் ஏறக்குறைய ஒரு டிகிரி தவறும். நான்கு கம்பி முறையில் இந்தச் சிக்கல் இல்லை.

டிரான்ஸ்மிட்டரைச் சென்சாரின் தலையிலேயே பொருத்தினால், 4–20 மில்லி ஆம்பியர் மின்னோட்டமாகச் செல்லும் சிக்னலைக் கம்பியின் நீளம் பாதிப்பதில்லை. மின்னழுத்தம் போதுமானதாக இருந்தால் போதும். ஆனால் அதன் மின்னணுப் பகுதி பொதுவாக 85 டிகிரிவரைதான் தாங்கும். உலையை ஒட்டிய இடங்களில் அதைத் தள்ளிச் சுவரில் மாட்டுவதே சரி.

கொல்கத்தாவின் மழைக்காலத்தில் எதிரி ஈரம். தலைக்குள் கசிந்த ஈரம் சென்சாருக்கு இணையாக 100 கிலோ ஓம் பாதையை உண்டாக்கினால், 100 டிகிரியில் அரை டிகிரி குறைத்துக் காட்டும். ஆகவே கேபிள் கிளாண்ட் கீழ்நோக்கி இருக்க வேண்டும். நுழையுமுன் கேபிள் தாழ வளைந்து வர வேண்டும், நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

ஒவ்வொரு டிரான்ஸ்மிட்டருக்கும் அளவுத்திருத்தச் சான்றோடு ஒரு பொருத்துப் பதிவையும் கட்டாயமாக்க வேண்டும். தெர்மோவெல் குழாய்க்குள் இறங்கிய ஆழம், கம்பி முறை, தலையின் வெப்பநிலை, டிரான்ஸ்மிட்டரைக் கழற்றிவிட்டு மெக்கரால் பார்த்த கேபிளின் காப்புத் தடை ஆகிய நான்கும் அதில் இருக்க வேண்டும். அந்தத் தாள் இல்லாத சான்றிதழ் சோதனைக்கூட மேசைக்கு மட்டுமே பொறுப்பேற்கும். ஆலையில் வால்வைத் திறப்பவர் நம்பும் எண்ணுக்கு அது பொறுப்பேற்காது.