கப்பலுக்காக ஏற்றிய கூண்டு

வங்கக் கடலில் புயல் சின்னம் உருவானால், நாகையிலும் கடலூரிலும் பாம்பனிலும் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்ற செய்திதான் இன்றும் முதலில் வருகிறது. ஐந்து என்றால் துறைமுகத்தை இடப்புறம் விட்டுப் புயல் கரையைக் கடக்கும். ஆறு என்றால் வலப்புறம் விட்டு. ஏழு என்றால் துறைமுகத்தின் மேலோ அருகிலோ. கடும்புயலுக்கு இதே வரிசை எட்டு, ஒன்பது, பத்து என்று ஆகும். நங்கூரத்தை எடுத்துக்கொண்டு ஆழ்கடலுக்குப் போவதா என்று யோசிக்கும் கப்பல் தலைவருக்கு இந்தத் தகவல் பெரிய உதவி. கரையோரக் குடிசையில் இருப்பவர் எப்போது கிளம்ப வேண்டும், எங்கே போய் ஒதுங்க வேண்டும் என்பதைப் பற்றி அதில் எதுவும் இல்லை. காரணம், அந்த முறை அவருக்காகப் பிறக்கவில்லை. 1864 அக்டோபரில் கல்கத்தாவையும் நவம்பரில் மசூலிப்பட்டினத்தையும் தாக்கிய புயல்களில் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். அடுத்த ஆண்டே கல்கத்தாவில் எச்சரிக்கை ஏற்பாடு வந்தது. ஆனால் அது துறைமுகத்துக்கு வந்த ஏற்பாடு. இந்திய வானிலைத் துறை உருவானதே 1875-இல்தான். புயலைக் கணிக்கும் திறன் வளர்ந்த வேகத்தில், அந்தக் கணிப்பு யாரிடம் போய்ச் சேர வேண்டும் என்ற அக்கறை வளரவில்லை. சாவுகளைக் கூட்டியது இந்த இடைவெளிதான் என்பது என் வாதம்.

இதற்கு மிகக் கொடிய சான்று 1970 நவம்பர் 12 இரவு. அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் போலா தீவுப் பகுதியில் குறைந்தது மூன்று லட்சம் பேர் இறந்தார்கள். புயல் சொல்லாமல் வரவில்லை. வானிலையாளர்களுக்கு அது வருவது தெரிந்திருந்தது. மேடில்லாத வண்டல் தீவுகளில் இருந்தவர்களுக்குத்தான் வரப்போவதன் கடுமை விளங்கும்படி யாரும் சொல்லவில்லை. வங்கதேசம் பிறந்த பிறகு, 1972-இல், செஞ்சிலுவை அமைப்பின் துணையோடு புயல் ஆயத்தத் திட்டம் தொடங்கியது. அந்தந்த ஊர்க்காரர்களே தொண்டர்கள். கொடி ஏற்றுவார்கள், கையால் சுழற்றும் சங்கை ஒலிப்பார்கள், மெகாபோனோடு வீடு வீடாகப் போவார்கள். கிழவியை யார் தூக்கிக்கொண்டு போவது என்பதுகூட அவர்களுக்குத் தெரிந்திருக்கும், ஏனென்றால் அது அடுத்த வீடு.

அப்படியானால் 1991 ஏப்ரலில் அதே நாட்டைத் தாக்கிய புயலில் ஏன் ஒன்றே கால் லட்சத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள் என்று கேட்பது நியாயம். அந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்கக் கூடாது. எச்சரிக்கை பலரை எட்டியிருந்தது; ஆனால் கிளம்பிப் போய் ஏற இடம் போதவில்லை. ஆடு மாடுகளை எங்கே கட்டுவது, பெண்கள் எப்படித் தங்குவது என்பதற்கு வழி இல்லாத புகலிடங்களுக்குப் போகப் பலர் தயங்கினார்கள். இறந்தவர்களில் பெண்களே மிகுதி. அதன் பிறகு புகலிடங்கள் பெருகின, பெண் தொண்டர்களும் பெருகினார்கள். 2007-இல் சிதர் புயலில் இறந்தவர்கள் ஏறத்தாழ 3,400 பேர். சுந்தரவனக் காடுகள் அலையின் வேகத்தைத் தணித்ததும் இதற்கு ஒரு காரணம். முழுப் புகழையும் தொண்டர்களுக்கே கொடுத்துவிட முடியாது. ஆனாலும் லட்சங்கள் ஆயிரங்களாகச் சுருங்கியதைக் காடு மட்டும் விளக்கிவிடாது.

கைப்பேசிக் காலத்தில் மெகாபோன் எதற்கு என்பார்கள். செய்தி வேகமாக வருகிறது, உண்மை. ஆனால் 2004 சுனாமியன்று புதுச்சேரியை அடுத்த நல்லவாடு தப்பியது எப்படி? சிங்கப்பூரிலிருந்து அந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் சொன்னார். அலை உயரத்தை அன்றாடம் அறிவித்துவந்த தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் அதை உடனே முழங்கினார்கள். ஊரே எழுந்து ஓடியது. தினமும் கேட்டுப் பழகிய குரல் என்பதால் யாரும் நின்று யோசிக்கவில்லை. இதற்கு எதிர்ப்பக்கம் 2017-இன் ஒக்கி புயல். கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை மீனவர்கள் பல நாள் தங்கித் தொழில் செய்யும் படகுகளில், வயர்லெஸ் எட்டாத தூரத்தில் இருந்தார்கள். கரையில் எச்சரிக்கை ஒலித்த நேரத்தில் அவர்களுக்கு அது கேட்க வழியே இல்லை. 2019-இல் வந்த ஜெமினி கருவி செயற்கைக்கோள் வழியாக ஆழ்கடலுக்கும் எச்சரிக்கையைக் கொண்டுபோகிறது. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் அதிலிருந்து கரைக்குப் பதில் அனுப்ப முடியாது. செய்தி கிடைத்ததா, படகு திரும்புகிறதா என்பது கரையில் காத்திருப்பவர்களுக்குத் தெரியாது.