வங்காளத்தில் கிளம்பிய புழு

மைசூரின் வடமேற்கு ஓரத்தில் இருக்கிறது ஹெப்பாள். ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் தொழிற்பேட்டை, நடுவே இன்ஃபோசிஸின் பெரிய பயிற்சி வளாகம். வேலைக்கும் பயிற்சிக்குமாக இங்கே வந்து தங்குகிற தமிழ்ப் பிள்ளைகள் தீபாவளிக்கு ஊர் திரும்பும்போது, கையில் காசிருந்தால், அம்மாவுக்கு ஒரு மைசூர் சில்க் எடுத்துப் போவார்கள். மைசூர் மண்ணிலேயே காலங்காலமாக விளைந்த சரக்கு என்றுதான் கொடுப்பவரும் நினைப்பார், வாங்குபவரும் நினைப்பார். உண்மையில் அந்தச் சேலைக்கு நூல் கொடுத்த புழு மைசூருக்கு வந்து சுமார் 240 ஆண்டுகள்தான் ஆகின்றன. ஹெப்பாளிலிருந்து அரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஸ்ரீரங்கப்பட்டணம்தான் அது வந்து இறங்கிய இடம்.

பட்டு நெசவு கன்னட நாட்டுக்குப் புதிதல்ல. நெசவாளர்கள் இருந்தார்கள், தறி இருந்தது, உடுத்த ஆளும் இருந்தது. கச்சாப் பட்டு மட்டும் வெளியிலிருந்து வரவேண்டியிருந்தது. 18ஆம் நூற்றாண்டில் பட்டுக்குப் பேர்போன வங்காளம் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிடிக்குள் போயிருந்தது. காசிம்பஜார் பக்கத்துப் பட்டு லண்டன் சந்தையில் இத்தாலியப் பட்டோடு போட்டி போடவேண்டும் என்று கம்பெனி ஆசைப்பட்டது. அதற்காக 1770 வாக்கில் இத்தாலியப் பாணியில் நூல் இழுக்கத் தெரிந்தவர்களைக் கப்பலேற்றி வங்காளத்துக்குக் கொண்டுவந்தது. கம்பெனியின் பரம எதிரியான திப்பு சுல்தானும் அதே வழியைத்தான் பிடித்தார். சரக்கை விலைக்கு வாங்குவதைவிடச் சரக்கு செய்யத் தெரிந்த ஆளைக் கொண்டுவருவது மேல் என்பதில் இரண்டு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

திப்புவின் கடிதங்களை வில்லியம் கர்க்பாட்ரிக் என்ற கம்பெனி அதிகாரி மொழிபெயர்த்து 1811ல் புத்தகமாக வெளியிட்டார். அவற்றில் ஒன்று மஸ்கட்டில் இருந்த மைசூரின் வணிகப் பிரதிநிதிக்குப் போனது. பாரசீக வளைகுடாத் தீவிலிருந்து பட்டுப்புழுக்களை அனுப்பு, அவற்றை வளர்க்கத் தெரிந்த சிலரையும் சேர்த்து அனுப்பு என்பது உத்தரவு. 1786ல் எழுதிய இன்னொரு கடிதம் ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டை அதிகாரிக்கு. புழு வாங்கிவர வங்காளத்துக்கு அனுப்பிய புர்ஹானுத்தீனும் கஸ்தூரி ரங்கனும் கடப்பைச் சீமைச் சித்தவட்டம் வழியாகத் திரும்பி வந்துகொண்டிருக்கிறார்கள் என்று செய்தி சொல்லிவிட்டு, அரசர் அடுக்கடுக்காக ஆணையிடுகிறார். எத்தனை புழு வந்தது என்று கணக்கு எழுது. எப்படிப்பட்ட இடத்தில் வைக்கவேண்டும், எப்படிப் பெருக்கவேண்டும் என்று அவர்களையே கேள். நடச் சொன்ன முசுக்கொட்டையின் இலையைத் தீனியாகப் போடு. பழைய அரண்மனைக்குப் பின்னால் காலி மனை ஒன்று கிடக்கிறது, அதன் அருகே இப்போதைக்கு ஓர் இடம் தயார் செய்.

இந்தக் கடிதத்தில் என் கண்ணில் படுவது திப்புவின் முனைப்பைவிட, அவர் அந்த இருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொன்ன இடம்தான். போருக்கு நடுவே ராஜ்யத்தை நடத்தியவருக்குப் புழுவை எந்த அறையில் வைப்பது என்று தெரியாது. முட்டையையும் புழுவையும் கூடையில் வைத்துத் தூக்கி வந்துவிடலாம். இலையை எவ்வளவு பொடியாக நறுக்குவது, தோலுரிக்கும் நேரத்தில் தீனியை எப்போது நிறுத்துவது, மழைநாளில் ஈர இலையை ஏன் போடக்கூடாது என்பதெல்லாம் ஆளோடுதான் வந்தாகவேண்டும்.

அவர்கள் வந்து சேர்ந்த ஊரும் அப்போது வந்தவர்களால் நிறைந்திருந்தது. எல்லாரும் விரும்பி வந்தவர்களல்ல. ஸ்ரீரங்கப்பட்டணத் தீவின் கிழக்கே கஞ்சாம் என்ற புறநகரை நிரப்ப, சிராவிலிருந்து 12,000 குடும்பங்களைத் திப்பு பெயர்த்துக் கொண்டுவந்ததாக மைசூர் கெசட்டியர் சொல்கிறது. மங்களூர்ப் பகுதிக் கிறித்தவர்களும் குடகர்களும் சிறைப்பட்டு வந்தார்கள். துப்பாக்கியும் கண்ணாடியும் செய்ய பிரெஞ்சுக் கைவினைஞர்கள் வந்தார்கள். கைத்திறனைத் திரட்ட ஆட்களைத் திரட்டுவது அந்தக் காலத்து அரசியல். அதில் சிலருக்குச் சம்பளமும் பலருக்குக் கண்ணீரும் கிடைத்தது.

1799 மே 4ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. திரட்டிய கூட்டம் கலைந்தது. தலைநகரம் மைசூருக்குப் போயிற்று. தீவில் தங்கிய கம்பெனிப் படையைக் காய்ச்சல் வாட்டியதால் 1809ல் பாளையத்தைப் பெங்களூருக்கு மாற்றினார்கள். அந்தப் படையோடு போன தமிழ்ச் சிப்பாய்களும், அவர்களை நம்பிப் பிழைத்த கடைக்காரர்களும், சமையல்காரர்களும், வண்டிக்காரர்களும் அல்சூர்ப் பக்கம் குடியேறினார்கள். பெங்களூர்த் தமிழர் வரலாற்றில் பெரிய அத்தியாயம் அங்கேதான் தொடங்குகிறது. திப்புவின் பிள்ளைகளோ வேலூர்க் கோட்டைக்கும், 1806 வேலூர்ப் புரட்சிக்குப் பிறகு கல்கத்தாவுக்கும் அனுப்பப்பட்டார்கள். புழு வங்காளத்திலிருந்து மைசூருக்கு வந்தது. அதை வரவழைத்தவரின் பிள்ளைகள் வங்காளத்தில் போய் முடிந்தார்கள்.

அரசனும் இல்லை, அரண்மனைத் தோட்டமும் இல்லை என்று ஆன பிறகும் புழு பிழைத்துக்கொண்டது. சென்னபட்டணம், ராமநகரம் பக்கத்துக் கிராமங்களில் பெரும்பாலும் முஸ்லிம் குடும்பங்கள் அதைக் காப்பாற்றின. கூட்டை வெந்நீரில் போட்டு உள்ளே இருக்கும் உயிரைக் கொல்லவேண்டுமே என்று மற்ற சாதியார் பலர் தயங்கி நின்றார்கள். அந்தத் தயக்கம் போய் ஒக்கலிகர் முதலிய உழவர்களும் முசுக்கொட்டை நடுவதற்கு அடுத்த நூற்றாண்டு பிறக்கவேண்டியிருந்தது.

வளர்ப்பு வீட்டுக்குள் நுழைந்தால் புழு வந்த வழியின் சுவடு கண்ணால் பார்க்கக் கிடைக்கும். நாலு தடவை தோலுரித்து, தின்று தீர்த்து, உடம்பு கண்ணாடிபோல் ஆன புழுவைக் கூடு கட்ட விடுவது சந்திரிகையில். ஆறடிக்கு நாலடி மூங்கில் பாய். அதன்மேல் நடுவிலிருந்து ஓரம்வரை சுருள் சுருளாக நிறுத்திக் கட்டிய மூங்கில் பட்டை. அந்தச் சந்துகளில் புழு இரண்டு மூன்று நாள் தலையை ஆட்டி ஆட்டிக் கூடு கட்டி முடிக்கும். வங்காளத்துப் பட்டுக் கிராமங்களிலும் இதே சாதனம்தான். கூடுகள் அடுத்துப் போகிற இடம் வெந்நீர்த் தொட்டி. இழுப்பவர் கொதிநீரில் கைவைத்து இழைமுனையைத் தேடி, பல கூடுகளின் இழையைச் சேர்த்து ஒரே நூலாக ராட்டையில் ஏற்றுவார். விரல்நுனி வெந்து வெளுத்திருக்கும். அறை முழுக்கக் கூட்டுப்புழுவின் நாற்றம். சேலைக் கடையில் அந்த நாற்றம் யாருக்கும் தெரியாது.

பிறகும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். புழுக்களை நோய் அழித்த 1860களில் தெ வெக்கி என்ற இத்தாலியர் ஜப்பானிலிருந்து முட்டை அட்டைகளை வரவழைத்தார், பெங்களூருக்கு அருகே கெங்கேரியில் நீராவியால் ஓடும் நூலாலையும் வைத்தார். நிலைக்கவில்லை. 1890களின் பிற்பகுதியில் ஜாம்ஷெட்ஜி டாடா பெங்களூரில் பட்டுப் பண்ணை அமைத்து ஜப்பானிய வல்லுநர்களை வைத்துப் பயிற்சி தந்தார். 1912ல் மைசூர் அரசு சுவிட்சர்லாந்துத் தறிகளோடு நெசவாலை தொடங்கியது. மானந்தவாடி சாலையில் இருக்கும் அந்த ஆலையில் இன்றைக்கும் மைசூர் சில்க் நெய்யப்படுகிறது. 1961ல் மைசூரில் மத்தியப் பட்டு ஆராய்ச்சி நிலையம் வந்தது.

ஜப்பானியப் புழு தனியாக நிற்கத் திணறியதற்குக் காரணம் உண்டு. குளிர்நாட்டு இனம் ஆண்டுக்கு ஒன்றிரண்டு தலைமுறைதான் எடுக்கும். நூல் நீளம், தரம் அருமை, ஆனால் வெக்கையும் நோயும் தாங்காது. திப்பு காலத்துப் புழுக்களின் வழிவந்ததாகச் சொல்லப்படும் ‘மைசூர் இனம்’ ஆண்டு முழுக்க அறுவடை தரும், இந்த வெயிலைத் தாங்கும். கூடு சிறியது, பச்சை கலந்த மஞ்சள், நூலும் குட்டை. கடைசியில் மைசூர்த் தாயையும் வெளிநாட்டு வழித் தந்தையையும் கலந்த கலப்பினம்தான் வென்றது. கர்நாடகக் கூட்டுச் சந்தைகளில் மஞ்சளாகக் குவிந்துகிடப்பது பெரும்பாலும் அதுதான்.

தமிழ்நாட்டுக்கு இதில் பங்கில்லை என்று நினைத்துவிடக் கூடாது. 1799ல் திப்புவின் ராஜ்யத்தைப் பங்கிட்டபின் கொள்ளேகால் கோயம்புத்தூர் மாவட்டத்தில் சேர்ந்து, 1956 வரை சென்னை மாகாணத்தில் இருந்தது. மாகாணத்தின் பட்டு வளர்ப்புக்கு அதுவே நடுநாயகம். மாநில எல்லை மாறி கொள்ளேகால் மைசூரோடு போனபின், தாளவாடி, ஓசூர், தருமபுரி என்று தமிழ்நாட்டுக்குள் முசுக்கொட்டை பரவியது. அப்படியும் போதவில்லை. காஞ்சிபுரம் தறிகளுக்கு நெடுங்காலமாகப் பெங்களூர்ப் பக்கத்து நூல், சூரத் சரிகை. நெய்த கைகளிலும் வெளியூர்க் கைகள் கலந்திருந்தன: தமிழகத்துப் பட்டு நெசவில் சௌராஷ்டிரரும் தேவாங்கரும் எந்தத் திசையிலிருந்து வந்தவர்கள் என்று அவர்கள் வீட்டில் பேசும் மொழியே சொல்லும்.

காஞ்சிபுரம் பட்டும் மைசூர் சில்க்கும் புவிசார் குறியீடு பெற்றவை. அது சரியான பாதுகாப்பு. போலிச் சரக்கிலிருந்து நெசவாளியைக் காக்கவேண்டும். ஆனால் அந்தக் குறியீட்டைக் காட்டி, இது எங்கள் மண்ணின் தூய சரக்கு, வெளியாள் யாருக்கும் பங்கில்லை என்று மார்தட்டினால் வரலாறு ஒத்துக்கொள்ளாது. மைசூர்ப் பட்டின் பெருமையில் வங்காளத்துக் கை இருக்கிறது, சென்னபட்டணத்து முஸ்லிம் குடும்பங்களின் நூறாண்டுப் பொறுமை இருக்கிறது, ஜப்பானியப் புழுவின் ரத்தம் இருக்கிறது. காஞ்சிப் பட்டின் பெருமையில் கன்னட உழவரின் இலை இருக்கிறது. காவிரித் தண்ணீருக்காகவோ கடைப்பலகை மொழிக்காகவோ இரண்டு மாநிலத்தார் ஒருவரையொருவர் வந்தேறி என்று ஏசும்போது, ஏசுகிறவர் வீட்டுக் கல்யாணப் பட்டை எடுத்துப் பார்க்கட்டும். அதில் உள்ளூர் என்று சொல்ல ஓர் இழைகூடத் தனியாக உருவிக் காட்ட முடியாது.